முன்னால் போகும் தோணி

கொர்னட் ஊதுகிறவரும் பெரிய மேளம் அடிக்கிறவரும் ஒரே தோணியில் ஏற மாட்டோம் என்றபோதே நான் வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். புத்தளத்தில் வெள்ளைக்கார அரசாங்க ஏஜண்டர் துரைக்கு வரவேற்பு. எங்கள் கோயில் பாண்ட் கோஷ்டிக்கு யார் தலைவர் என்று இருவருக்கும் மாதக்கணக்காகச் சண்டை. அதனால் கற்பிட்டியில் இரண்டு தோணி பிடித்தோம். வயலின் வாசிக்கும் நான் கொர்னட்காரரோடு முன்தோணியில் போனேன்.

கடல்நீர் ஏரியான களப்பின் நடுவே மழை இருட்டிக்கொண்டு இறங்கியது. பின்தோணி மறைந்தது. இப்படியான நேரத்தில் முன்னால் போகிறவன் சத்தம் கொடுப்பான், பின்னால் வருகிறவன் பதில் கொடுப்பான். எங்கள் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் இது. கொர்னட்காரர் ஊதினார். பதில் இல்லை. மறுபடி ஊதினார்.

மேளம் கேட்டது, ஆனால் எங்களுக்கு முன்னால். மழைக்குள் அவர்கள் எங்களைத் தாண்டிவிட்டார்கள். இனிப் பதில் கொடுக்க வேண்டியவர்கள் நாங்கள்.

கொர்னட்காரர் கருவியைத் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"ஊதுங்கோ அண்ணே," என்றேன்.

"அவனுக்குப் பின்னால வாறன் எண்டு நானே ஊதிச் சொல்லோணுமோ?"

நாங்கள் கத்தியது காற்றில் போனது. பதில் வராததால் எங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்திருப்பார்கள். மேளச் சத்தம் எங்கள் பக்கம் திரும்பியது. ஒவ்வொரு அடியும் கிட்டக் கிட்டக் கேட்டது. எங்களைத் தேடி அந்தத் தோணி மழைக்குள் நேரே எங்கள் மேல் வந்துகொண்டிருந்தது.

அவர் முடிச்சை இன்னும் இறுக்கினார்.