சுளுக்கிய காலும் கீழ்வீட்டு அக்காவும்

குரோம்பேட்டையில் எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் வழுக்கி விழுந்தேன். கணுக்கால் கத்திரிக்காய் நிறத்தில் வீங்குவதற்குள் சந்தேகம் வந்துவிட்டது. படியைக் கழுவியது கீழ்வீட்டு அக்கா. தண்ணீர் மோட்டாரை யார் போடுவது என்று முந்தின வாரம்தான் எங்களுக்குள் சண்டை. வேண்டுமென்றே சோப்புத் தண்ணீரை விட்டிருப்பாரோ?

அதன்பின் தினமும் அவர் மூட்டுவலியோடு மாடியேறி வந்தார். காலைத் தலையணைமேல் தூக்கிவைத்து, துணியில் சுற்றிய ஐஸை வீக்கத்தின்மேல் வைப்பார். குற்றவுணர்ச்சிதான் இவரைப் படியேற்றுகிறது என்று நினைத்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

வெள்ளிக்கிழமை உப்பும் மிளகாயுமாக வந்து நின்றார்.

"சுத்திப் போட்டுடறேம்மா. வேணாம்னு சொல்லாத."

"ஈரப்படிக்கு உப்பு என்னக்கா பண்ணும்?" என்று குத்தலாகக் கேட்டேன்.

"படி தெனமுந்தான் ஈரமா கீது. நீ டக்கு டக்குன்னு எறங்கி டிரெயினுக்கு ஓடுவ. நம்ம முட்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லியேன்னு ஜன்னலாண்ட நின்னு பாத்துக்கினே இருப்பேன். என் கண்ணுதாம்மா பட்டுடுச்சு."

நான் அவரைச் சந்தேகப்பட்ட அத்தனை நாளும் அவரும் தன்னையேதான் சந்தேகப்பட்டிருக்கிறார்.

என் காலைச் சுற்றிவிட்டு, மூடிய கையை முகத்தருகே நீட்டி, "துப்பு" என்றார். எனக்குக் கண்ணேறில் நம்பிக்கை கிடையாது. இருந்தும், அவர் மனசு ஆறட்டும் என்று மூன்று முறை துப்பினேன்.