அண்ணையை ஏன் போகவிட்டேன்

இன்று அண்ணையின் ஆட்டைத் திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர், கடந்த ஓராண்டாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். நேரில் கேட்டவர்கள் சிலர். தொலைபேசியில் சுற்றி வளைத்துக் கேட்டவர்கள் அதிகம். "இருதய வருத்தக்காரனை ஏன் அந்தக் காட்டுக்குத் திரும்ப விட்டனீ?" அப்போதெல்லாம் அழுதேனே தவிர ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. தங்கையாகிய நான் அதை இங்கே எழுதப் பார்க்கிறேன்.

அண்ணை புங்குடுதீவில் பிறந்தார். ஐயா நேரத்தோடு காலமாகிவிட, மீசை அரும்பும் முன்பே குடும்பம் அவர் தலையில் விழுந்தது. நாட்டில் இருக்க முடியாமல் போனபோது மொன்றியலுக்கு வந்து, பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி அறையொன்றில் நாலு பேரோடு இருந்து, உணவகங்களில் கோப்பை கழுவினார். அம்மாவையும் என்னையும் கூப்பிட்டு எடுத்தார். எனக்குக் கலியாணம் செய்துவைத்தார். தனக்கென்று ஒன்றும் தேடவில்லை. ஆனால் ஓரிடத்தில் நிலைக்கவும் மாட்டார். தையல் தொழிற்சாலை, டாக்ஸி, பாடசாலைத் துப்புரவு என்று மாறிக்கொண்டே இருந்தார். அம்மா இருந்தவரைக்கும் அந்தரப்பட்டுக்கொண்டாவது இங்கே இருந்தார். அம்மா போன அடுத்த வருடம், மேற்கே சஸ்கச்சுவான் மாகாணத்தில் ஒரு கோதுமைக் கிராமத்தில் வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டு வெளிக்கிட்டார். "ஒரு குளிர்காலம் பாத்திட்டு வாறன்" என்றுதான் சொன்னார். பதினொரு வருடம் இருந்துவிட்டார்.

அந்தக் கிராமத்தில் ஒரு வீதி, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் உயரமான தானியக் களஞ்சியம், காலையில் மட்டும் திறக்கும் தபாற்கந்தோர், ஒரு மண்டபம், பிள்ளைகள் ஹொக்கி விளையாடக் கூரை போட்ட ஐஸ் கொட்டகை, ஒரு கடை. அவ்வளவுதான். அண்ணை ஊர்ச்சபையின் ஒரே வேலையாள். வீதிப் பனி தள்ளுவது, தண்ணீர் பம்ப் வீட்டைப் பார்ப்பது, குழாய்த் தண்ணீரைச் சோதித்துக் குளோரின் விடுவது, குளிர் இறுகியதும் கொட்டகையில் தண்ணீரைப் படை படையாக விட்டு உறைய வைப்பது எல்லாம் அவர்தான். நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு நெடுந்தூரம் நடந்த தீவில் பிறந்தவர் கையில் ஓர் ஊரின் தண்ணீர். அதைப்பற்றிக் கதைக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டார்.

பிறகு அந்த ஒரு கடையும் பூட்டப்பட்டது. பாலுக்கும் பாணுக்கும் முக்கால் மணித்தியாலம் கார் ஓடவேண்டிய நிலை. ஓட முடியாத முதியவர்கள் ஊரைவிட்டுக் கிளம்பத் தொடங்கினார்கள். அண்ணை ஒவ்வொரு வியாழனும் வீடு வீடாகச் சாமான் எழுதிய துண்டு வாங்கித் தன் பழைய வான் வண்டியில் ஏற்றி வந்தார். அது போதாதென்று கண்டு, மண்டபத்தின் பக்கத்து அறையில் ஊரே முறை வைத்து நடத்தும் கடையொன்று தொடங்கலாமென்று சபைக் கூட்டத்தில் எழும்பிக் கேட்டார். ஊர் எப்படியும் முடியப்போகிறது, வீண் வேலை என்று கோதுமை விதைக்கும் ஒரு பெரிய கமக்காரர் மறுத்தாராம். அண்ணை தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், முடியட்டும், அதுவரைக்கும் பால் வேண்டும்தானே என்றாராம். சபையின் எழுத்தராக இருக்கும் பெண்மணி இதைப் பின்னர் எனக்குச் சொன்னார். அடுத்த மாதமே கடை திறந்தது. மறுத்த கமக்காரரே புதன்கிழமை முறைக்குத் தன் பெயரைக் கொடுத்தார். இன்றும் அது நடக்கிறது.

போன வருடத்துக்கு முந்திய கோடையில் அண்ணைக்கு மாரடைப்பு வந்தது. அந்தக் கமக்காரர்தான் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார். உயிர் தப்பியதும் நான் போய் மொன்றியலுக்குப் பக்கத்து லவாலில் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிட்டத்தான் இனி இருக்கவேண்டும் என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொன்னார்.

ஏழு மாதம் இருந்தார். இருந்தார் என்பதைவிட நடந்தார் என்று சொல்லலாம். ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடப்பார். மெட்ரோவில் ஏறி மறுமுனை வரைக்கும் போய் அப்படியே திரும்பி வருவார். எங்கே போனீர்கள் என்றால் "சும்மா" என்பார். சுவரில் காதை வைத்துக் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றவரைக் கண்டு என் மகள் பயந்துபோனாள். குளிர் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் எழுத்தர் பெண்மணிக்குத் தொலைபேசி எடுத்து, பம்ப் எப்படி, ஐஸ் போட்டாயிற்றா என்று விசாரிப்பார். எல்லாம் சரி என்பார் அவர். ஒருநாள் அண்ணை தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அந்த மனிசி பொய் சொல்லுது. கொட்டகை அவவின்ரை கந்தோருக்குப் பக்கத்திலை. ஐஸ் போட்டிருந்தால் பிள்ளையளின்ரை சத்தம் கேக்கவேணும்."

அது உண்மைதான். அந்த வருடம் ஐஸ் போட ஆளில்லை. அவரைக் கவலைப்படுத்தக் கூடாதென்று மறைத்திருக்கிறார்கள்.

தைமாதத்தில் அண்ணை பையை அடுக்கினார். நான் வாசலை மறித்து நின்று சண்டை பிடித்தேன். அங்கே ஒன்று நடந்தால் யார் பார்ப்பது என்று கேட்டேன். எனக்காகவாவது இருங்கோ என்று கெஞ்சினேன். அவர் கோபப்படவில்லை. கதிரையில் இருந்து ஆறுதலாகச் சொன்னார்.

"பிள்ளை, இஞ்சை என்னை எல்லாரும் பாக்கினம். அங்கை என்னை எல்லாரும் தேடுவினம்."

வாசலை விட்டு விலகினேன். பயணச்சீட்டை நானே எடுத்துக் கொடுத்தேன்.

போனவர் மிச்சக் குளிர்காலத்துக்கு ஐஸ் போட்டார். அடுத்த வருடத்துக்கென்று இரண்டு தகப்பன்மாருக்கு அந்த வேலையைப் பழக்கினார். அறுவடை முடிந்து ஊர் முழுவதும் மண்டபத்தில் கூடிச் சாப்பிட்ட நாளன்று, கதிரைகளை அடுக்கும்போது விழுந்தார். அம்புலன்ஸ் வந்து சேர நேரமாகிவிட்டது. இங்கே இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா? பிழைத்திருக்கலாம். அந்த நினைப்பு என்னை இன்னும் ஓரிடத்தில் இருக்கவிடுவதில்லை.

அண்ணையின் உடலை மொன்றியலுக்கு அனுப்பிவைக்க ஓடித்திரிந்த எழுத்தர் பெண்மணிக்கும், கூடவே வந்து இறுதிக் கிரியைகளில் கடைசிவரை நின்ற கமக்காரருக்கும், எட்டாம் நாள் செலவுக்கும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் சமைத்துக் கொண்டுவந்த பார்க் எக்ஸ்டென்ஷன் குடும்பங்களுக்கும், என்னைத் தனியே விடாமல் கர்க்லாண்டிலிருந்து வந்து தங்கிய மச்சாளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என்னைக் கேள்வி கேட்ட உங்களுக்கும்தான். அண்ணை மேலுள்ள அன்பில்தான் கேட்டீர்கள்.

ஒன்றை மட்டும் இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. அவர் புறப்பட்ட நாள் விமான நிலையத்துக்கு நேரத்தோடே போய்விட்டோம். சோதனைக்கு உள்ளே போகுமுன் வெளியே கதிரைகளில் இருந்தோம். நான் போய்க் கோப்பி வாங்கி வருவதற்குள் அண்ணை நித்திரையாகிவிட்டார். எங்கள் வீட்டில் ஏழு மாதமாக ஒரு மணித்தியாலம் சேர்ந்தாற்போல் கண்மூடாதவர், அத்தனை சத்தத்துக்குள், வாய் சற்றே திறந்திருக்க, அசையாமல் நித்திரை. இரண்டு கோப்பியும் ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போகவேண்டிய நேரம் வந்தது. பேசாமல் விட்டிருந்தால் விமானம் போயிருக்கும். அண்ணை என்னோடு இருந்திருப்பார்.

தோளைத் தொட்டு எழுப்பினேன்.