சோளக்காட்டில் ஒளிந்த வகுப்பு

அன்று காலை பள்ளியில் இருந்தவர்கள்: பள்ளிகளைப் பார்வையிட வரும் இன்ஸ்பெக்டர் ஐயா, அவருடைய பியூன், பெரிய வாத்தியார், நான், என் இடுப்பில் என் மகள். கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு ஊரில் சின்னப் பிள்ளைகள் வகுப்பை நான் நடத்திவந்தேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான்.

அவர் வரும் நாளில் இருபது பிள்ளைகள் இல்லாவிட்டால் வகுப்பை மூடிவிடுவார்கள். அதனால் முந்தின நாளே வீடு வீடாகப் போய், "நாளைக்கு ஆபீசர் வராருங்க, புள்ளைங்கள அனுப்புங்க" என்று சொல்லியிருந்தேன். ஆனால் போன வருஷம் வந்த ஆபீசர் அம்மை குத்தினார். பிள்ளைகளுக்குக் கை வீங்கிக் காய்ச்சல் கண்டது. அந்தப் பயத்தில் தாய்மார்கள் பிள்ளைகளோடு சோளக்காட்டுக்குள் ஒளிந்துகொண்டார்கள்.

வரப்பில் நின்று கூப்பிட்டேன். "இவரு அம்மை குத்தறவரு இல்லைங்க."

"போன வருசம் கையப் புடிச்சுக் குடுத்தவளே நீதான. போ" என்று உள்ளிருந்து ஒருத்தி சொன்னாள்.

உண்மைதான். நான்தான் பிடித்துக்கொண்டேன்.

திரும்பி வந்து, "கொஞ்சம் பொறுங்க சாமி, புள்ளைங்க பக்கத்துலதான் இருக்காங்க" என்றேன்.

"மொரப்பூர்ல எனக்கு ரயில் இருக்கும்மா" என்றார் இன்ஸ்பெக்டர். வகுப்பை மூடச் சொல்லி எழுதிவிட்டு வண்டி ஏறினார்.

வண்டி மறைந்ததும் பிள்ளைகள் வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். தலையெல்லாம் சோளப்பூ. தாய்மார்கள் மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் பிள்ளைகளை எண்ணினேன்.

இருபத்திரண்டு.