சப்பரத்துக்குப் பின்னால் அப்பா

எங்கள் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பாகத் தகராறு கிடையாது, வரப்புத் தகராறும் கிடையாது. மோட்சத்துக்குப் போகிற வழியில்தான் தகராறு. பென்னாகரம் பக்கம் எங்கள் களத்தில் ராகி அடிக்கும்போதெல்லாம் அது ஆரம்பித்துவிடும்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். சித்தப்பா மட்டும் கல்யாணமான கையோடு சித்தியின் சபைக்குப் போய்விட்டார். அங்கே சுரூபம், சிலை எதையும் தொடவே மாட்டார்கள்.

"விசுவாசம் இருந்தா போதும்ணா. மோட்சம் சும்மாவே கெடைக்குது" என்பார் சித்தப்பா.

"சும்மா குடுக்கறதுக்கு அது என்ன சந்தையில மிஞ்சுன கத்திரிக்காயா? ஏசுவ வளத்த சூசையப்பரு வேதத்துல ஒரு வார்த்தை பேசியிருக்காராடா? வாய மூடிக்கிட்டு வேலதான் செஞ்சாரு!"

"சிலுவையில ஏசுவுக்குப் பக்கத்துல தொங்குன கள்ளன் என்ன வேல செஞ்சான்? நம்புனான், நேரா மோட்சம் போனான்."

"கையில ஆணி அடிச்சுப்புட்டா அவன் என்னத்தடா செய்வான்?"

இதற்குள் மாடு பாதிக் கதிரைத் தின்றிருக்கும். அம்மா வந்து அண்ணன், தம்பி, மாடு மூன்றையும் சேர்த்துத் திட்டுவாள்.

அப்பாவின் கட்சிக்குக் காரணமே நான்தான். நான் பிறந்தபோது அம்மா தேறமாட்டாள் என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாளாம். அவள் பிழைத்தால் சாகிறவரைக்கும் சூசையப்பர் திருவிழாவில் சப்பரத்துக்குத் தோள் கொடுக்கிறேன் என்று அப்பா வேண்டிக்கொண்டார். ஒரு வருஷமும் தவறியதில்லை. காய்ச்சலோடுகூடத் தூக்கியிருக்கிறார்.

நான் ஹைஸ்கூலில் சேர்ந்த வருஷம், புளி உலுக்க ஏறியவர் கிளையோடு கீழே வந்தார். கால் முறிந்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுப் போட்டார்கள். திருவிழா நெருங்க நெருங்க மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. "வாக்குத் தவறிட்டா உங்கம்மாவுக்கு ஏதாச்சும் ஆயிடுமே கண்ணு" என்று என்னிடம் அழுதார்.

"நான் குத்துக்கல்லாட்டம்தான இருக்கறேன்?" என்று அம்மா கத்தினாள். "சூசையப்பரு என்ன வட்டிக்காரரா, தவணை தப்புனா வூட்டு வாசல்ல வந்து நிக்கறதுக்கு?"

அப்பா கேட்டால்தானே!

திருவிழா அன்று சாயங்காலம் மேளச் சத்தம் எங்கள் தெருமுனைக்கு வந்தது. அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்போது சித்தப்பா விறுவிறுவென்று உள்ளே வந்து, கட்டிலோரம் முதுகைக் காட்டிக் குந்தினார்.

"ஏறுண்ணா."

"நீயாடா? உங்க சபையில ஒத்துக்குவாங்களா?"

"சப்பரத்த நான் தொடமாட்டேன். கூடப்பொறந்தவன தூக்கறதுக்கு எந்தச் சபையக் கேக்கணும்?"

உப்புமூட்டை கிளம்பியது. கட்டுப் போட்ட காலைத் தாங்கிப் பிடித்தபடி நான் பக்கத்தில் ஓடினேன். ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன். அப்பா ஒரு கையை எட்டி நீட்டிச் சப்பரத்தின் பின்தண்டைப் பிடித்துக்கொண்டார். சித்தப்பாவோ தண்டு தன்மேல் படாமல் இருக்கத் தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டு, மூச்சு வாங்க நடந்தார்.

பாதித் தெருவில் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"எறக்கி வுடுடா. நீ சொமக்க, நான் சும்மா குந்திக்கிட்டு வர்றதா? கூச்சமா இருக்குதுடா."

"ஒரு நாளாச்சும் ஒண்ணும் செய்யாம வாண்ணா."

அப்பா தண்டை விடாமல், மறுகையால் சித்தப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் தோளில் வைத்துக்கொண்டார்.

கோயில் வாசலில் இறக்கியபோது சித்தப்பாவின் சட்டைத் தோள் நனைந்திருந்தது.

"உன் வேர்வைதான்டா" என்றார் அப்பா.

"ஆமாண்ணா" என்று அன்றைக்கு மட்டும் ஒத்துக்கொண்டார் சித்தப்பா.