உப்புத் தண்ணீரில் இட்லிப்பூ

இந்த ஊரில் குழாயைத் திருப்பினால் எந்நேரமும் தண்ணீர் வருகிறது. ஆனாலும் செடிக்கு ஊற்றுவதற்கென்று மழைத்தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து வைக்கிறார்கள். தெற்கு ஜெர்மனிக்கு வந்து ஒன்பது வருடங்களாகியும் இது எனக்கு விளங்கவே இல்லை, ஒரு இட்லிப்பூச் செடியை வாங்கும் வரை. தாம்பரம் பக்கம் காம்பவுண்டுச் சுவரோரங்களில் கேட்பாரில்லாமல் பூக்கிற செடி, இங்கே பூக்கடையில் ‘இக்ஸோரா’ என்ற பெயரில் கண்ணாடித்தாள் சுற்றி உட்கார்ந்திருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்தேன். பத்து நாளில் மொட்டெல்லாம் உதிர்ந்தது. அடுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது.

கீழ்வீட்டு ஃப்ராவ் வேபர் வந்து பார்த்துவிட்டு, “கல்க், கல்க்” என்றார். நான் தொட்டி மண்ணைக் கிளறிக் கல்லைத் தேடினேன். அவர் பொறுமையிழந்து, சமையலறைக்குள் போய் என் கெட்டிலைத் திறந்து, அடியில் படிந்திருந்த வெள்ளையைச் சுரண்டிக் காட்டினார். சுண்ணாம்பு. அது மண்ணின் புளிப்பை முறித்துவிடுமாம். புளிப்பில்லாத மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் இந்தச் செடியால் எடுத்துக்கொள்ள முடியாதாம். பீப்பாய் எதற்கென்று அன்றுதான் புரிந்தது.

புரிந்ததும் எனக்கு ஊரப்பாக்கத்து வீடுதான் ஞாபகம் வந்தது. வாசல் படியோரம் அம்மா வைத்த இட்லிப்பூவும், அம்மா இறந்ததிலிருந்து இதே மஞ்சளில்தான் நிற்கிறது. அங்கே போர் தண்ணீர். பக்கெட்டெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். தாம்பரத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா அங்கே தனியாக இருக்கிறார். போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்: புளித்த மோரை நன்றாக நீர்விட்டு ஊற்றுங்கள், தொழு உரம் போடுங்கள், பூத்து முடிந்த கொத்தை நறுக்கிவிடுங்கள்.

“ஒங்கம்மாவும் இதே தண்ணியதான் ஊத்துனா. பூக்கலையா?”

“அம்மா மோர்ச்சட்டி கழுவுன தண்ணியையும் சேத்து ஊத்துவாங்கப்பா.”

“நீ அங்க உக்காந்துக்கிட்டு எனக்குத் தண்ணி ஊத்தக் கத்துக்குடுக்காத.”

எரிச்சலில், தினமும் செடியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். செடிக்காக மட்டும் கேட்கவில்லை. “நல்லாருக்கேன்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாத மனிதரிடமிருந்து வேறெப்படித்தான் சேதி வாங்குவது? முணுமுணுத்துக்கொண்டே அனுப்பினார். சொல்லாமலே மோரும் ஊற்றியிருக்கிறார். இரண்டு மாதத்தில் துளிர் பச்சையாக வந்து, ஒரு கொத்து மொட்டும் விட்டது.

இட்லிப்பூக் கொத்து ஒரேயடியாக விரியாது; நாளுக்குச் சிலதாகத்தான் விரியும். முதல் நாள் படத்தில் ஐந்து பூ. மறுநாளும் ஐந்து. ஐந்தாம் நாளும் அதே ஐந்து பூ, அதே இலையில் அதே எறும்பு. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவைக் கூப்பிட்டேன்.

“அத ஏன் கேக்குற? சாரு படியில வழுக்கி விழுந்துட்டாரு. கால்ல மாவுக்கட்டு. ஒங்கிட்ட சொல்லவே கூடாதுன்னுட்டாரு. நான்தான் சாப்பாடு குடுத்துட்டு வரேன்.”

விமானத்தில் முழு வழியும் கோபமாகவே வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டேன்.

“ஒரே படத்த அஞ்சு நாளா அனுப்புனா எனக்குத் தெரியாதாப்பா?”

“தெரியாதுன்னு நெனச்சேன். நீ வந்து மட்டும் என்ன பண்ணப் போற? திரும்பிப் போகத்தான போற.”

சமையலறைக்குப் போய், கழுவியிருந்த பாத்திரங்களையே மறுபடி கழுவினேன். அடுத்த நாள், அதிகம் முற்றாத ஒரு கிளையை நான்கு விரல் நீளத்துக்கு வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளி, மணலும் தென்னை நார்த்தூளும் கலந்த தொட்டியில் ஊன்றி, அப்பா கட்டில் பக்கத்து ஜன்னலில் வைத்தேன். இதைப் பார்க்க அவர் படியிறங்க வேண்டாம்.

“ரெண்டு மாசத்துக்கு இழுத்துப் பாக்காதீங்க. ஈரம் மட்டும் காயக் கூடாது.”

“எத்தன வாட்டி சொல்லுவ?”

மூன்று வாரத்தில் லீவு முடிந்தது. நான் திரும்பிவிட்டேன்.

இப்போதும் அப்பா தினமும் படம் அனுப்புகிறார். என்மேல் இன்னும் கோபம் போலிருக்கிறது. படம் பழசில்லை என்று நிரூபிக்க, தொட்டிக்குப் பக்கத்தில் அன்றைய செய்தித்தாளைத் தேதி தெரிய விரித்து வைக்கிறார். காலையில் இங்கே ரொட்டியைத் தின்றுகொண்டே, அதைப் பெரிதாக்கிப் படிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. நேற்று ஒரு மூலையில் மின்தடை அறிவிப்பு: நாளை, ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, காலை ஒன்பது மணி முதல். படித்துவிட்டு எழுந்துபோய் என் போனைச் சார்ஜில் போட்டேன். பக்கெட்டில் தண்ணீர் பாதி நிறைந்த பிறகுதான், கரண்ட் போகப்போவது அங்கே என்று உறைத்து, குழாயை மூடினேன்.