மான் முகாமில் ஒரு கையெழுத்து

பெர்னடெட் ஷிம்கோவைத் தெரியாதவர் எங்கள் ஊரில் கிடையாது. பள்ளிக்கூடச் சமையலறையில் நின்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மதியச் சாப்பாடு போட்டவள். இன்றைக்குத் தாடி வளர்த்துக்கொண்டு லாரி ஓட்டுகிறவன்கூட அவளைக் கடையில் கண்டால் தொப்பியைக் கழற்றிவிடுவான். நின்று நின்று முழங்கால் இரண்டும் போய்விட்டன. வேலையை விட்டால் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் வாங்கக் காசு இருக்காது என்பதால் விடாமல் நிற்கிறாள்.

என் பெயர் நடீன். கார்களுக்கு நம்பர் பிளேட் வாங்கிக் கொடுப்பதும், காகிதங்களுக்கு நோட்டரி முத்திரை குத்துவதும் என் பிழைப்பு. பென்சில்வேனியாவில் இரண்டும் ஒரே கடையில்தான் நடக்கும். அதனால் ஊரில் எவர் கார் வாங்கினார், எவர் குடும்பம் பிரிந்தது என்பது பாதிரியாருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.

பெர்னி என்று நாங்கள் கூப்பிடும் பெர்னடெட்டின் புருஷன் ரஸ், கண்ணாடித் தொழிற்சாலையில் உலைக்கு முன்னால் வெந்தவன். பிள்ளைகள் வளர்ந்து போனபிறகு இருவரும் விவாகரத்து செய்துகொண்டார்கள். யார் மேல் தப்பு என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டும் ஒரே மரத்துக் கட்டைகள். கல்யாணமாகியிருந்த காலத்தில் அவன் சம்பாதித்த பென்ஷனில் பாதி அவளுக்கு என்று நீதிபதி தீர்ப்புச் சொன்னார். பெர்னியும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் செய்கிற முட்டாள்தனம் இதுதான். நீதிபதி வாயால் சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைப்போம். பென்ஷன் அலுவலகம் விவாகரத்துத் தீர்ப்பையெல்லாம் சட்டை செய்யாது. பென்ஷனைப் பிரிப்பதற்கென்றே தனியாக ஒரு உத்தரவு எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, நீதிபதியும் போட்டு அனுப்பினால்தான் அது கண்ணைத் திறக்கும். வக்கீல் அப்போதே சொல்லியிருக்கிறான். "அதுக்குத் தனியா ஃபீஸ் கேக்குறான்டி. இவனுக்கு அழுதது போதும்" என்று பெர்னி விட்டுவிட்டாள்.

ஐந்து வருடம் கழித்து, முழங்கால் வலி தாங்காமல், எப்போது பணம் வரும் என்று கேட்கப் பென்ஷன் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தாள். எங்கேயோ வேறு மாநிலத்திலிருந்து ஒரு பெண், "உங்க பேர்ல இங்க ஒண்ணுமே இல்லையே மேடம்" என்றாள். பெர்னி ஃபோனை வைத்துவிட்டு நேரே என் கடைக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் இழுவையோ இழுவை. பழைய வக்கீல் தொழிலை மூடிவிட்டு ஃபுளோரிடாவில் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தான். புதிதாக ஒரு வக்கீலம்மா உத்தரவை எழுதி அனுப்பினாள். பென்ஷன் அலுவலகத்தில் அதை மாதக்கணக்கில் ஊறப்போட்டுவிட்டு, தொழிற்சாலை கைமாறிவிட்டது, பென்ஷனும் வேறு நிதியோடு சேர்ந்துவிட்டது, புதிதாக எழுதுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். எழுதினாள். இப்போது ரஸ்ஸின் கையெழுத்து வேண்டும். ஈஸ்டர் போகட்டும் என்றான். மீன்பிடி சீசன் முடியட்டும் என்றான். வம்பு செய்கிறவனாக இருந்தால் வழக்காவது போடலாம். இவன் சிரித்துக்கொண்டே தள்ளிப்போடுகிறவன்.

இலையுதிர்காலத்தில் அவனுக்கு நெஞ்சு அடைத்தது. நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாளுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை இதயத்தைத் திறந்து ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். வக்கீலம்மா பெர்னியை உட்காரவைத்து விஷயத்தை உடைத்துவிட்டாள். உத்தரவு ஆகும்முன் ரஸ் போய்விட்டால், பென்ஷனில் மிஞ்சுவதெல்லாம் இப்போதைய மனைவி கார்லீனுக்குப் போகும். பிறகு வழக்காடினாலும் ஜெயிக்கலாம் என்று உறுதி சொல்ல முடியாது. "திங்களுக்குள்ள கையெழுத்து வந்துட்டா, செவ்வாய் கோர்ட்டு திறந்ததும் நீதிபதி முன்னால வச்சிடறேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை என் கடைக்கு வருவதாக ரஸ் சத்தியம் செய்திருந்தான். வரவில்லை. கார்லீனுக்கு ஃபோன் போட்டேன்.

"முகாமுக்குப் போயிட்டாரு நடீன். துப்பாக்கியத் தொட மாட்டேன், சும்மா அடுப்புகிட்ட உக்காந்திருப்பேன்னாரு. நான் சொன்னா கேக்குறாரா?" என்று அழாக்குறையாகச் சொன்னாள்.

சனிக்கிழமை விடிந்தால் மான் வேட்டை தொடங்குகிறது. திங்களன்றும் வேட்டைக்காகவே பள்ளிக்கூடம் கிடையாது, கோர்ட்டு கிடையாது, பல் வைத்தியர்கூடக் காட்டில்தான் இருப்பார். முகாம் என்பது வேட்டைக்காரர்கள் தங்குகிற மலைக்குடிசை; அங்கே ஃபோன் எடுக்காது. அங்கே பெண் வாடையே ஆகாது என்று தாத்தா காலத்திலிருந்து ஒரு சட்டம் வேறு. திங்கள் ராத்திரிதான் இறங்கி வருவார்கள், ரஸ் அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவான்.

பெர்னி சொன்னாள்: "முத்திரைய எடு. கிளம்பு."

"ஏய், முகாமுக்கா? துரத்தி அடிப்பானுங்கடி."

"அடிக்கட்டும். இந்தக் கால வச்சுக்கிட்டு எழுபது வயசு வரைக்கும் என்னால ட்ரே தூக்க முடியாது."

மலைப்பாதையில் சேறும் பனியும். என் கார் இரண்டு தடவை வழுக்கியது. பெர்னி மடியில் உத்தரவு இருந்த உறையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

முகாம் கதவைத் திறந்ததும் உள்ளே இருந்த எட்டு ஆண்களும் கரண்டியும் கையுமாக அப்படியே உறைந்துபோனார்கள். முட்டைக்கோஸும் நூடுல்ஸும் வெண்ணெயில் வதங்குகிற வாசனை. வேட்டைக்குப் போடும் ஆரஞ்சுச் சட்டைகள் கொடியில் தொங்கின. ரஸ் அடுப்போரம், சாம்பல் பூத்த முகத்தோடு இருந்தான்.

முகாமின் மூத்தவன் எல்வுட்தான் முதலில் வாயைத் திறந்தான். "பெர்னி, வழி தப்பி வந்துட்டியா?"

"வழியெல்லாம் சரிதான்" என்று அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "ரஸ் கையெழுத்துப் போட்டா போயிடுவேன். இல்லன்னா எனக்கு ஒரு கட்டில் போடு. நான் குறட்டை விடுவேன், ரஸ்ஸக் கேட்டுப் பாரு."

"செவ்வாய் முடியட்டும் பெர்னி" என்றான் ரஸ். "வெளிய வந்ததும் மொத வேலை இதுதான்."

"இதயேதான் ஈஸ்டர்லேருந்து சொல்ற."

மற்றவர்களுக்கு வேர்த்துவிட்டது. நாளை வேட்டையின் முதல் நாள், இன்றைக்கு முகாமில் முன்னாள் மனைவி படுப்பதா? சீசனே நாசம். "போட்டுத் தொலைடா!" என்று எல்வுட் பேனாவை ரஸ்ஸின் விரல்களுக்குள் திணித்தான். இன்னொருவன் காகிதத்தை விரித்து அவன் முழங்கையைப் பிடித்தான். பெர்னி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தாள். அவன் கை காகிதத்தில் பட்டுவிட்டது.

"நிறுத்துங்க" என்றேன். "இப்படிப் போட்டா நான் முத்திரை குத்த மாட்டேன்."

பெர்னி என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "நடீன், என் வயித்துல அடிக்காத."

"அவனா மனசு வந்து போடணும். கையப் பிடிச்சுப் போட வச்சதுக்கு நான் முத்திரை குத்தி, நாளைக்கு எவனாவது கிளப்பினா இந்தக் காகிதம் குப்பைக்குப் போகும்டி. எல்லாரும் வெளிய போங்க."

முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். தட்டை மட்டும் விடாமல் எடுத்துக்கொண்டு போனார்கள். நாங்கள் மூன்று பேர் மட்டும். ரஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். காரியம் கெட்டது, என் யோக்கியத்தால் ஒருத்தி கிழவியாகியும் ட்ரே தூக்கப்போகிறாள் என்று முத்திரையைப் பைக்குள் போடப்போனேன்.

"எல்லாரும் சின்ன ஆபரேஷன்தான்கிறாங்க" என்றான் ரஸ். "பசங்க இன்னும் நாப்பது மான் அடிப்பேங்கிறானுங்க. கார்லீன் கோடைக்குப் படகு பாத்து வச்சிருக்கா. நீ ஒருத்திதான் நான் செத்துருவேன்னு காகிதத்தத் தூக்கிட்டு மலையேறி வந்திருக்க."

இல்லை என்று சொல்வாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"ஆமா" என்றாள் பெர்னி. "செத்தாலும் செத்துருவ. உங்கப்பாவும் நெஞ்சு வலியிலதான் போனாரு. அதான் வந்தேன். எனக்குப் பயமா இருக்கு ரஸ்."

அவன் அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினான். பிறகு, "எனக்கும்தான்" என்றான். அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. "அந்தக் காகிதத்தப் பாத்தாலே, போட்டா போயிடுவேன்னு தோணுது. யார்கிட்ட சொல்றது? சொன்னா சிரிப்பானுங்க."

பெர்னி எழுந்து, வாணலியிலிருந்து ஒரு கரண்டி நூடுல்ஸை எடுத்துத் தட்டில் போட்டு அவன் முன்னால் வைத்தாள். அவளுக்குத் தெரிந்த ஆறுதல் அது ஒன்றுதான். இரண்டு வாய் தின்றுவிட்டு அவன் பேனாவை எடுத்தான்.

"யாரும் கட்டாயப்படுத்தலையே?" என்று முறைப்படி கேட்டேன்.

"கல்யாணம் ஆன நாளா இவ பிடுங்கித்தான் எல்லாம் செஞ்சேன். இது நானாப் போடுறது. குத்து."

குத்தினேன். எங்கள் கார் திரும்பும்வரை எட்டுப் பேரும் வாசலில் நின்றார்கள். வழியனுப்ப அல்ல, நாங்கள் போய்விட்டோமா என்று உறுதி செய்துகொள்ள.

செவ்வாய்க்கிழமை காலை வக்கீலம்மா ஃபோன் செய்தாள். நீதிபதி கையெழுத்துப் போட்டுவிட்டார், பென்ஷன் அலுவலகத்துக்கும் போய்விட்டது. பெர்னி சமையலறையில் விடுப்பு சொல்லிவிட்டாள். வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுப்பாள் என்று பார்த்தால், "ஆஸ்பத்திரிக்கு விடு" என்றாள்.

"உனக்கு அங்க என்ன வேலை? கார்லீன் இருக்கா, பிள்ளைங்க இருக்காங்க."

"விடுன்னா விடு."

காத்திருக்கும் கூடத்தில் கார்லீனின் கண்ணில் படாத ஒரு கோடியில் உட்கார்ந்தோம். மத்தியானம் போய் வெளியே இருட்டத் தொடங்கியபோது டாக்டர் வந்து கார்லீனிடம் ஏதோ சொன்னார். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பெர்னி என் கையை நசுக்கினாள். "நடீன், அது நல்ல அழுகையா, கெட்ட அழுகையா? என்னால பாக்க முடியல."

கார்லீன் டாக்டரைக் கட்டிக்கொண்டாள். "நல்லதுதான்டி" என்றேன். "பொழச்சுட்டான்."

பெர்னி உடனே உடைந்து அழுதாள். அடுப்பில் கை சுட்டுக்கொண்டாலும் அழாதவள், கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். கைக்குட்டையைக் கொடுத்து, "பென்ஷன்தான் பத்திரமாயிடுச்சே, இன்னும் என்னத்துக்கு அழுவுற?" என்று சீண்டினேன்.

"ஒவ்வொரு ராத்திரியும் அவன் பொழைக்கணும்னு வேண்டிக்கிட்டேன்" என்றாள். "அவனுக்காக வேண்டுறேனா, பணத்துக்காக வேண்டுறேனான்னு எனக்கே தெரியல. காலையில ஃபோன் வந்தப்புறமும் அதே வேண்டுதல்தான் வந்துச்சு, நடீன். அதான் அழுவுறேன்."