மதிலுக்கு அந்தப்பக்கத்துத் தேவை

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்துக்கு வரும் பெண்கள் அவரவர் தேவையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவோம். பெயர் எழுதக் கூடாது. முடிந்ததும் ஆளுக்கொரு சீட்டு எடுப்போம். கையில் வந்த தேவைக்காக ஒரு வாரம் தினமும் ஜெபிக்க வேண்டும். சர்க்கரை குறைய, பையனுக்கு வேலை கிடைக்க என்று எத்தனையோ சீட்டுக்கு முழங்கால் போட்டிருக்கிறேன்.

போன கோடையில் எனக்கு வந்த சீட்டு இது: "மகளுக்குப் பிரசவமாகிப் பன்னிரண்டு நாள். போர்வெல் வற்றிவிட்டது. லாரியும் வரவில்லை. தண்ணீருக்காக ஜெபிக்கவும்."

பெயர் எதற்கு? சேலையூரில் எங்கள் மதிலுக்கு அந்தப்பக்கத்து வீட்டுக்காரிதான். வயிறு குளிர்ந்தது எனக்கு. நன்றாக வற்றட்டும் என்றே நினைத்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன் என் மகளைப் பெண் பார்த்த மேடவாக்கத்துக்காரர்கள், விசாரிப்பதற்காக அவள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். என் மகளுக்கு இரண்டு வயதில் காய்ச்சலோடு ஒரே ஒரு முறை வலிப்பு வந்தது. அது இன்னும் வந்துகொண்டிருப்பதாகச் சொல்லிவிட்டாள் புண்ணியவதி. சம்பந்தம் முறிந்தது. ஆறே மாதத்தில் அதே பையன் அவளுக்கு மருமகனானான். என் மகள் அதோடு ஆலயத்துக்கு வருவதையே விட்டுவிட்டாள்.

ஆனாலும் எடுத்த சீட்டு எடுத்ததுதான். தினமும் காலையில் ஜெபித்தேன். மழையைத் தாரும் ஆண்டவரே என்றேன். லாரிக்காரன் மனதைத் திருப்பும் என்றேன். எங்கள் கிணற்றைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. எந்தக் கோடைக்கும் வற்றாத கிணறு. அவள் என் வாசலில் வந்து நின்று கேட்கட்டும், முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லலாம் என்று காத்திருந்தேன். அவள் வரவில்லை. அந்தப்பக்கம் குழந்தை அழுவதும் காலிக் குடம் உருளுவதும் கேட்கும். எனக்கு இனித்தது, மறைப்பானேன்?

நாலாம் நாள் நான் சத்தமாக ஜெபித்துக்கொண்டிருந்தபோது மகள் பல் தேய்த்தபடி வந்து நின்றாள்.

"ஏம்மா, நம்ம கிணத்துல தண்ணி இருக்கறது ஆண்டவருக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

"அவ பண்ணது உனக்கு மறந்துபோச்சாடி?"

"மறக்கல. அதுக்காகக் கைக்குழந்தைய நாறப் போடுவியா?"

வாயைக் கொப்பளித்துவிட்டு, ஹோஸை மதில் மேல் தூக்கிப் போட்டு அவர்கள் தொட்டிக்குள் விட்டாள். மோட்டாரை மட்டும் போடவில்லை. "அது உன் ஜெபம், நீயே போடு" என்று குளிக்கப் போய்விட்டாள்.

போட்டேன். கோபத்தோடுதான் போட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரி எழுந்து சாட்சி சொன்னாள். கர்த்தர் அற்புதமாகத் தண்ணீர் தந்தாராம். ஹோஸைப் பற்றியோ என் மகளைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்றும் காலையில் மோட்டாரைப் போடுகிறேன். போட்டுவிட்டு அங்கேயே நின்று என் தேவையைச் சொல்கிறேன்: "ஆண்டவரே, அவள் ஒருநாள் என் மகளின் முகத்தைப் பார்த்து, சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். அதுவரை தண்ணீர் தருகிறேன். மன்னிப்பை மட்டும் என்னிடம் கேட்காதேயும்."